ஹெட்செட்டுக்குள் போன கடல்

கண்ணில் மாட்டிப் பார்க்கும் வீஆர் ஹெட்செட் வாங்கினால் பிரயோசனமா என்று பார்க்க, இன்று மச்சாளோடு வாழைச்சேனையில் ஒரு போன் கடைக்குப் போனேன்.

முதலில் அவள்தான் மாட்டிக்கொண்டாள். கடைக்காரர் கடற்கரைக் காட்சியைப் போட்டுவிட்டார்.

"ஐயோ, என்ன வடிவு!" என்று சிரித்தவள் திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

"மச்சாள், கடல் உள்ளுக்குப் போகுது. ஓடுங்க!"

ஹெட்செட்டைக் கழற்றாமலே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, கண்ணாடி அலுமாரியில் முட்டிக்கொண்டாள். சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கியதைக் கண்டு ஓடித் தப்பியவள் அவள்.

கடைக்காரர் பதறிவிட்டார். "அது சும்மா வீடியோ அக்கா. அதுல கடல் எங்கயும் போகாது."

நான் அதை அவளிடமிருந்து வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. கடல் இருக்க வேண்டிய இடத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈர மணல்தான் கிடந்தது.

"நெட் ஸ்லோ போல. இன்னும் லோட் ஆகல்ல," என்றார் அவர்.

திரும்பி வரும்போது, ஸ்கூட்டியைக் கல்குடாக் கடற்கரைப் பக்கம் விட்டேன். கடல் அதன் இடத்தில்தான் இருந்தது.

ஆனாலும் நான் எஞ்சினை நிறுத்தவில்லை.

ஹெட்செட் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: அதில் மலைக் காட்சி ஏதும் இருக்கிறதா?