சத்தம் போடாத ஆஸ்டின்

தென்காசியில் ‘பெட்ரோல் திருடன்’ என்று ஊரறியப் பேர் வாங்கியவர் ஒருவர்தான். அவர் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூடத் திருடியதில்லை. அந்தப் பேரை மாற்றிக் கொடுக்கிற நல்ல புத்தி எங்கள் ஊருக்கு இரண்டு வருஷம் வரவில்லை. ஊரைச் சொல்லி என்ன, எனக்கே வரவில்லை. நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்திக்கொண்டிருந்தேன். காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துச் சம்பளம் வாங்கியவன்.

அவர் பெயர் சிவசைலம். சொந்த ஊர் கீழப்பாவூர். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரிப்புகையில் ஓடியபோது, பதினாறு வயதில் லாரிக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனார். நாள் முழுக்க லாரியில் பொருத்திய ஊதுலையின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டும், அடைத்த குழாயைக் குத்திக்கொண்டும் கிடந்ததில், ஒரு எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்பதைப் புத்தகம் இல்லாமலே படித்துவிட்டார். பிறகு பத்து வருஷம் ஆரியங்காவு ஏற்றத்தில் புனலூருக்கு லாரி ஓட்டினார். பேச்சு குறைவு. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் இறங்கிப் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்கு எதிரே உள்ளங்கையைக் காட்டிப் பார்ப்பார். அப்புறம்தான் கிளம்புவார். வண்டிக்கு நாடி பார்க்கிற வைத்தியர் என்று டாக்ஸிக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஐம்பத்தாறில் ஆறுமுகநயினார் ஒரு பழைய ஆஸ்டின் காரை வாங்கியபோது சிவசைலம் அவரிடம் டிரைவராகச் சேர்ந்தார். நயினாருக்கு இலஞ்சியில் தென்னந்தோப்பு, தென்காசியில் மாடிவீடு. வேலை என்று எதுவும் கிடையாது. வேலை இல்லாதவர்களுக்கு எல்லா வேலையும் தெரிந்திருக்கும். மாட்டுக்கு வைத்தியம் சொல்வார், கிணறு வெட்ட இடம் சொல்வார், கலெக்டர் செய்யும் தப்புகளைச் சொல்வார். இத்தனையையும் கேட்டுத் தலையாட்ட ஆள் வேண்டுமே, அதற்குத்தான் நான். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்டதும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போவார். பின்சீட்டில் பக்கத்தில் என்னை உட்கார்த்திக்கொள்வார். காரில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வரும் வாத்தியார் தென்காசியில் நான் ஒருவன்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

நயினாருக்கு எஞ்சின் சத்தம் ஆகாது. அதற்கு அவர் சொன்ன காரணத்தை எந்த ஊரிலும் கேட்க முடியாது. அருவியில் ஒரு மணி நேரம் நின்று தலையைக் குளிரவைத்துவிட்டு வந்தால், வீடு வந்து சேர்வதற்குள் கார் போடுகிற சத்தத்தில் பித்தம் மறுபடி தலைக்கு ஏறிவிடுகிறதாம். அப்படியானால் குற்றாலம் போனதே வீண் என்பது அவர் கணக்கு. ஈரத்துண்டைத் தலையில் சுற்றி, இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் வந்து பார்த்தார். சரிப்படவில்லை. ஐம்பத்தெட்டு மாசி மாதம் செங்கோட்டையில் பம்ப்செட் ரிப்பேர் பார்க்கிற சுந்தரபாண்டியனிடம் காரைக் கொண்டுபோனார்.

சுந்தரபாண்டியனுக்குக் கிணற்றுப் பம்ப்பும் தெரியாது, காரும் தெரியாது. வெல்டிங் மட்டும் தெரியும். கார் சைலன்சரைப் பிளந்து, உள்ளே ஓட்டை போட்ட தகரங்களை நிறுத்தி, லேத்துப் பட்டறையில் குப்பையாகக் கிடக்கும் இரும்புச் சுருளைக் கைகொள்ளும் மட்டும் அள்ளித் திணித்து, மூடி ஒட்டிவிட்டான். வண்டி பூனை மாதிரி வந்தது. நயினாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தேரடித் தெருவில் காரை மெதுவாக விடச் சொல்லி, சத்தம் கேட்காமல் எத்தனை பேர் பயந்து ஒதுங்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தார்.

சிவசைலம் வழக்கம்போலப் பின்னால் போய்க் கையை நீட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, பொகை வெளிய போக வழி வேணும் முதலாளி, இது எஞ்சினுக்கு ஆகாது என்று சொன்னார்.

“ஏலே, நீ முன்னால ஸ்டியரிங்கப் பாரு. பின்னால உள்ளத நான் பாத்துக்கிடுதேன்” என்றார் நயினார். நானும் சிரித்தேன். அது சிரிக்கிற இடம் என்று தெரியும்.

இரண்டு மாதத்தில் வண்டி இளைத்துப்போனது. ஐந்தருவி ஏற்றத்தை முன்பு மூன்றாவது கியரில் ஏறிய கார், இப்போது முதல் கியரில் முனகியது. ரேடியேட்டர் கொதித்தது. ஒரு காலனுக்கு முப்பது மைல் ஓடியது, இருபதுக்கு இறங்கியது. என்ன நடந்தது என்பதை இப்போது நான் எவ்வளவு அழகாகச் சொல்கிறேன் பாருங்கள். சிலிண்டருக்குள் எரிந்து முடிந்த புகையை பிஸ்டன்தான் வெளியே தள்ள வேண்டும். வாசலை அடைத்துவிட்டால், தள்ளுவதற்கே எஞ்சினின் பாதி பலம் போய்விடும். தள்ளியும் போகாத புகை உள்ளேயே தங்கும். அது தங்கின இடத்தில் புதுக் காற்றும் பெட்ரோலும் எப்படி நுழையும்? பலம் குறையக் குறைய டிரைவர் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் செலவாகும், கார் நகராது. அதோடு, சரியாக எரியாத புகையின் கரி அந்த இரும்புச் சுருளில் அப்பி, இருந்த இடுக்கையும் நாளுக்கு நாள் அடைக்கும். அடுப்படிப் புகைக்கூண்டு அடைத்துக்கொண்டால் அடுப்பு என்ன ஆகும் என்று தெரிந்த எந்தப் பொம்பளைக்கும் இது விளங்கும். பி.எஸ்ஸி. தேவையில்லை. என்னிடம் பி.எஸ்ஸி. இருந்தது.

நயினாருக்கு விளங்கியது வேறு. பெட்ரோல் குறைகிறது என்றால் எவனோ எடுக்கிறான். டாங்கியில் பெட்ரோலை அளந்து பார்க்க வளைந்து உள்ளே போகிற மாதிரி ஒரு குச்சி வேண்டும் என்றார். என் பள்ளிக்கூடப் பிரம்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். காலனுக்கு ஒன்றாகப் பேனாக்கத்தியால் நானே வெட்டுப் போட்டேன். பையன்களை அடித்த பிரம்புக்கு அப்படி ஒரு பதவி உயர்வு. அதற்குப் பிறகு நயினார் காரில் ஏறும்போதும் பிரம்பை விட்டுப் பார்ப்பார், இறங்கும்போதும் பார்ப்பார். வழியெல்லாம் அதை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு சிவசைலத்தின் பிடரியையே பார்த்துக்கொண்டு வருவார்.

ஆனி மாதம், சாரல் விழுந்த முதல் வெள்ளிக்கிழமை. குற்றாலம் போகிற வழியில் இலஞ்சி முருகன் கோயில் வாசலில் காரை நிறுத்தச் சொன்னார். ஆள் நடமாட்டம் உள்ள நேரம். கற்பூரத்தைக் கொளுத்தி அணைத்து, நான் பெட்ரோல் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி சிவசைலத்திடம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சிவசைலம் இறங்கி நேராக என்னிடம் வந்தார். இங்கன வாங்க சார்வாள் என்று கையைப் பிடித்துக் காருக்குப் பின்னால் கூட்டிப்போய், என் உள்ளங்கையைப் புகைக்குழாய்க்கு எதிரே வைத்தார். பிறகு உள்ளே போய் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தார். எஞ்சின் அந்தப் பாடு படுகிறது, என் கையில் சீக்குப் பிள்ளையின் மூச்சு அளவுக்குத்தான் காற்று பட்டது.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இதை ஒளித்துப் பிரயோஜனமில்லை. முழுக்க விளங்கிவிட்டது.

“என்ன சார்வாள்?” என்று கேட்டார் நயினார்.

“காத்து வரத்தான் செய்யுது” என்றேன்.

அது பொய்யும் இல்லை. அப்படி ஒரு பதிலைத் தேடிப் பிடிக்கத்தான் நான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது. சிவசைலம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நயினாரிடம் போனார்.

“கற்பூரம் வேண்டாம் முதலாளி. நான் சத்தியம் பண்ணினாலும் நாளைக்கும் பெட்ரோல் குறையத்தான் செய்யும். அப்ப சாமியும்லா பொய்யாயிரும். ஒரு ஸ்பானர் மட்டும் எடுத்துக்கிடுதேன். பத்து நிமிசம் பொறுங்க, இங்கனயே காட்டுதேன்.”

சைலன்சரில் கை வைத்தால் கையை ஒடித்துவிடுவேன் என்றார் நயினார். சத்தியத்துக்குப் பயப்படுகிறவன் யார் என்று கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் பதில் சொன்னது. சிவசைலம் சாவியை எடுத்து பானெட் மேல் வைத்துவிட்டுத் தென்காசியைப் பார்த்து நடந்தார்.

டிரைவருக்கு அந்தப் பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அவன் கையில் எவன் ஸ்டியரிங்கைக் கொடுப்பான்? தென்காசியிலும் சுரண்டையிலும் ஒருத்தரும் கொடுக்கவில்லை. அவர் மனைவி சொக்கம்மாள் தெருக்குழாய்க்குப் போனால், சேலையில் பெட்ரோல் வாடை அடிக்குதே என்று பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்களாம். அந்த அம்மாள் தண்ணீர் எடுக்க அடுத்த தெருவுக்குப் போக ஆரம்பித்தாள். கடைசியில் துல்கர்னைன் என்பவர், தேங்காய் லோடு அடிக்கிற லாரிக்காரர், சிவசைலத்தைக் கிளீனராகச் சேர்த்துக்கொண்டார். நம்ம வண்டி டீசல், பெட்ரோல் எடுக்க வழியில்ல என்று அவரும் சிரித்துக்கொண்டேதான் சேர்த்தார். பத்து வருஷம் காட்டுப் பாதையில் லாரி ஓட்டிய மனிதர், சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நயினார் வீட்டில் அடுத்த டிரைவர் வந்தான். பிரம்பு முன்னைவிட வேகமாக இறங்கியது. அவனும் திருடன். மூன்றாமவனும் திருடன். டிரைவர் ஜாதியே திருட்டு ஜாதி என்று முடிவு கட்டி, நயினார் தாமே ஓட்டப் பழகிக்கொண்டார். அப்போதும் பிரம்பு இறங்கியது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்திலாவது ஒரு நிமிஷம் யோசித்திருப்பான். நயினார் டாங்கி மூடிக்குப் பூட்டு போட்டார். அதற்கும் மசியவில்லை என்றதும் கட்டிலைக் கார் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுப் படுத்தார். தன் காரில் தானே பெட்ரோல் திருடுகிறவனைப் பிடிக்க ஒருவர் காவல் கிடந்த அதிசயம் எங்கள் ஊரில்தான் நடந்தது. நான் வெள்ளிக்கிழமைதோறும் அதே காரில் போய்க் குளித்து வந்துகொண்டிருந்தேன்.

அறுபது, ஆடி மாதம். ஐந்தருவி ஏற்றத்தின் பாதியில் ஆஸ்டின் நின்றுவிட்டது. நான் இறங்கி ரோட்டோரம் நின்றேன். ரேடியேட்டரிலிருந்து ஆவி அடித்தது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் தலைப்பகுதி கொல்லன் உலையில் கிடந்த இரும்பாகச் சிவந்திருந்தது. ஸ்டார்ட் செய்தால் எடுக்கும், மிதித்தால் அணைந்துபோகும். சீசன் கூட்டம் குடையும் துண்டுமாகச் சூழ்ந்துவிட்டது. பின்னால் வந்த தேங்காய் லாரிக்குப் போக வழியில்லை. அதிலிருந்து, சக்கரக் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சிவசைலம் இறங்கினார்.

நயினார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழியை அடைத்துக்கொண்டு நிற்காமல் எதையாவது செய்யச் சொல்லி துல்கர்னைன் சத்தம் போட்டார். சிவசைலம் யாரிடமும் கேட்கவில்லை. எஞ்சின் ஆறும் மட்டும் பொறுத்திருந்துவிட்டு, லாரியிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஈர ரோட்டில் மல்லாந்து காருக்கு அடியில் போனார். நாலு நட்டு. சைலன்சர் குழாயோடு கீழே விழுந்தது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, எடுங்க என்று கையைக் காட்டினார்.

ஆஸ்டின் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடின. கார் ஒரு துள்ளுத் துள்ளி ஏற்றத்தில் ஏறி மேலே சமதளத்தில் போய் நின்றது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எஞ்சின் ஆறிய நேரத்தைக் கழித்தால். சிவசைலம் சைலன்சரைத் தூக்கி, பாறையில் நாலு சாத்துச் சாத்தினார். ஒட்டு விட்டுப்போய், கரி அப்பி இறுகிய இரும்புச் சுருள் ஒரு பிள்ளைத் தலை அளவுக்குக் கட்டியாக ரோட்டில் விழுந்தது. தென்காசிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேராவது அதைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இலஞ்சிக் கோயில் வாசலிலும் நின்றவர்கள்.

நயினார் காதைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். கட்டியைக் காலால் புரட்டிப் பார்த்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு மனிதரிடம் அவர் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது.

“இத நீ அப்பவே சொல்லியிருக்கலாம்லா?” என்றார்.

சிவசைலம் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு லாரிக்குத் திரும்பினார். துல்கர்னைன் அதற்குள் டிரைவர் சீட்டை விட்டு நகர்ந்து மறுபக்கம் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க எடுங்க அண்ணாச்சி. இன்னமே வண்டி உங்க கையில.”

இதைச் சொல்ல அவருக்கு பி.எஸ்ஸி. தேவைப்படவில்லை. சிவசைலம் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார். லாரி என்னைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகக் குனிந்தார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

“அன்னைக்கே கை வச்சுப் பாத்தியளே, சார்வாள்.”

அவர் எழுபதாம் வயது வரை லாரி ஓட்டினார் என்று கேள்வி. ஊரும் பிற்பாடு அந்தப் பேரைச் சொல்வதை விட்டுவிட்டது. வெட்கப்பட்டு விடவில்லை, அடுத்து ஒருவர் கிடைத்ததும் விட்டது. நயினார் புது சைலன்சர் போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு ஆஸ்டின் வாசலில் வந்து நின்றது. போனேன். நன்றாகக் குளித்துவிட்டு வந்தேன்.