தெற்குச் சுவரில் மாட்டிய படம்

ஒரு மனிதரைக் கொன்றது மாரடைப்பா, அவர் முகத்தை வரைந்த தூரிகையா? இதற்குப் பதில் தெரியாத படித்தவர்கள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

தாமியானுக்கு வயது அறுபத்திரண்டு. ஸ்பெயினின் ஒரு வறண்ட மாவட்டத்தில் பிறந்தவர். சான் ஹோசேயில் ஒரு கார் ஷெட்தான் அவருக்கு வீடும் பட்டறையும். கோடையில் பழுப்பேறும் கலிபோர்னியாக் குன்றுகளை ஆசையாக வரைவார், வாங்க ஆளில்லை. வயிற்றைக் காப்பாற்றியவை முகங்கள்தான். பக்கத்து ஊரான பிளசன்டனின் தமிழ் வீடுகளில் ஒருவர் சொல்லி ஒருவராக அழைத்தார்கள். அந்த நல்ல பேரை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

சாஃப்ட்வேர் வேலையிலிருக்கும் சபரி, தன் அப்பா நஞ்சுண்டனின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவர் முகத்தை வரையத் தாமியானை அழைத்தான். ஒன்பது நாள் அசையாமல் உட்கார்ந்த பெரியவர், "டேய், மூக்க மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்றா" என்று மகனிடம் கெஞ்சினார். தாமியான் சிரித்தார், மூக்கை உள்ளபடியே வரைந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை படத்தைக் கொண்டுபோய் மாட்டினார். நேர்வெயில் படாத சுவரில்தான் நிறம் மங்காது. அந்த வீட்டில் அது தெற்குச் சுவர்.

சபரியின் அம்மா வசந்தாமணி அலறினார். "அய்யோ சாமி! செத்தவிய படம் மாட்டற செவுத்துல உசுரோட இருக்கறவர மாட்டிப்போட்டானே!"

இரண்டு நாளாகவே நெஞ்சு கரிக்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்த நஞ்சுண்டன், அப்போது மார்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். சட்டை வேர்வையில் நனைந்தது. ஆம்புலன்ஸை அழையுங்கள் என்றார் தாமியான்.

"ராகு காலம் கண்ணு. இப்ப வெளிய கூட்டிட்டுப் போகாத" என்றார் வசந்தாமணி மகனிடம்.

"ஆப்ல செக் பண்ணிட்டேம்மா. இந்த ஊர் டைம்க்கு ஒன்னே கால் வரைக்கும் இருக்கு."

தாமியானே அழைத்தார். ஆம்புலன்ஸ் வந்தது. வெறும் கேஸ் டிரபிள்தான் என்றான் சபரி. நஞ்சுண்டனும் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தலையாட்டினார். வந்தவர்கள், வர மறுத்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒன்றே காலுக்குக் காரில் ஏற்றினார்கள். ஃப்ரீவேயில் உயிர் போயிற்று.

மறுநாள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் வசந்தாமணியின் குரல்: "அந்தப் பெயிண்டர் ராசியில்லாத கைங்க. ஆரும் அவனக் கூப்புட்டுப் போடாதீங்க." முந்நூறு பேர் கேட்டார்கள். அதில் நான்கு பேர் டாக்டர்கள். அவர்களும் கைகூப்பும் பொம்மைகளைத்தான் அனுப்பினார்கள்.

வரையச் சொல்லியிருந்த பதினோரு வீடுகளும் அந்த வாரமே பின்வாங்கின. காரணத்தை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு மட்டும் மாலை போட்டு, அதே சுவரில் வைத்துக் கும்பிடுகிறார்கள். தாமியான் இப்போது கடைகளுக்கு வெள்ளையடிக்கிறார். மாலையில் வந்து, வரைந்ததில் எங்கே பிசகினோம் என்று பழைய முகங்களை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்.

இப்படியொரு குரல் உங்கள் குழுவுக்கும் வரும். கைகூப்பாதீர்கள். "ஆம்புலன்ஸை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?" என்று அங்கேயே, எல்லோரும் பார்க்க எழுதுங்கள்.