வாழ்த்துமடலில் எழுதிய ஊர்

ரோஜா நிறத் தாளில் அச்சடித்த அந்த வாழ்த்துமடல் இன்னும் கண்முன் நிற்கிறது. ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் யாருக்குப் பாராட்டு விழா என்றாலும் அது உண்டு. சாதனையைப் பாட்டாக எழுதி, கிருஷ்ணகிரி அச்சகத்தில் இருநூறு படி போட்டு, கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டு மேடையில் வாசிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியன் என்பதால் எழுதும் வேலை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அந்த முறை பாராட்டு எங்கள் டிரில் மாஸ்டருக்கு. பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். விமானப்படையிலிருந்து வந்தவர். அவருக்குத் தபாலில் ஒரு பதக்கம் வந்தது. எதற்கென்று ஒரு வரி இல்லை. தலைமையாசிரியர் உடனே விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். "வேணாங்க" என்று மாஸ்டர் மூன்று முறை சொன்னார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

எதை எழுதுவது? ஒரு சாயங்காலம் அவரைக் காபி கிளப்பில் உட்காரவைத்துத் துளைத்தெடுத்தேன். மழுப்பிப் பார்த்துக் கடைசியில் வாய்திறந்தார். வடக்கே மலைச்சண்டையில் சரக்கு விமானத்தின் கதவைத் திறந்து குண்டுகளைக் கையாலேயே தள்ளினார்களாம். எதிரியின் ஆயுதக் கிடங்கு இருந்த ஊரின் பெயரையும் சொன்னார்; கீழே புகை போட்டு அதைக் காட்டியவர் அந்த ஊர் மளிகைக்காரர். "அவரு இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கந்தான் இருக்காருங்க. ஊர் பேரு வெளிய வந்தா அவரு கதை முடிஞ்சுது. உங்களோட இருக்கட்டும்" என்றார்.

ஆனால் அந்த ஊர்ப்பெயர் எதுகைக்கு அவ்வளவு அழகாகப் பொருந்தியது. ஓசூர் வாழ்த்துமடலை இமயமலையில் யார் படிக்கப் போகிறார்கள்? 'வணிகன் ஒருவன் புகைகாட்ட' என்று ஊரையும் சேர்த்தே எழுதிவிட்டேன்.

மேடையில் அந்த அடியை வாசித்தபோது கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் ஒரு பத்திரிகை நிருபர் குறித்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. அதைப் போடாதீர்கள் என்று நிருபரிடம் சொன்னால் உண்மை என்று ஆகிவிடும். மெல்ல எழுந்தார். "தமிழ் ஐயா மேல தப்பில்லீங்க. நான் ஏரோப்ளேன்ல ஏறுனதே இல்ல. சமையக்கட்டுல இருந்தேன். காபி கிளப்புல சும்மா அளந்தேன், நம்பிட்டாரு. பதக்கம் எல்லாருக்கும் குடுத்தாங்க."

கூட்டம் சிரித்தது. நிருபர் பேனாவை மூடினார். நான் தாளோடு நின்றேன். வாயைத் திறந்தால் எங்கோ ஒருவன் சாவான். திறக்காவிட்டால் இவர் பொய்யர். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

அதன்பின் பிள்ளைகளுக்கு அவர் உப்புமா மாஸ்டர். என்னை ஒரு வார்த்தை கடிந்ததில்லை; அதுதான் சுட்டது. ஒருநாள் மைதானத்தில் நான் மன்னிப்புக் கேட்டபோது, "விடுங்க. அவரு இந்நேரம் கடை தொறந்திருப்பாரு" என்றார்.

இப்போதெல்லாம் ஒரு தாக்குதல் நடந்த மறுநாளே தொலைக்காட்சியில் படம் போட்டு விளக்குகிறார்கள். படைக்காரனுக்குப் புகழ் வேண்டாமா, வேண்டும். எனக்கோ கீழே புகை போட்டவன்தான் நினைவுக்கு வருகிறான்.

அன்று அந்த விழா முடிந்த வாரமே மாஸ்டரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எங்கண்ணனுங்க இவரை வாசல்ல வச்சே கேலி பண்றாங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க ஐயா. நீங்க எழுதுனதுல ஒண்ணாச்சும் நெசமா?"

"இல்லம்மா. பாட்டு நல்லா வரணும்னு எழுதினேன்" என்றேன்.