அருள்முருகனின் ரிப்பீட்டர்

பெரம்பலூர் அருள்முருகனுக்கு வேண்டாத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில், செல்போன் வந்த பிறகு லாரிகளிலிருந்து கழற்றிப்போட்ட வயர்லெஸ் செட்டுகள் ஏலத்துக்கு வந்தன. அவர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

"வூட்ல இருக்கற குப்பை போதாதுன்னு இதையும் வாங்கியாந்தீங்களா?" என்றார் மனைவி சசிகலா.

அந்தக் குப்பையைத்தான் மூன்று மாதம் உட்கார்ந்து ரிப்பீட்டர் ஆக்கினார். ஒரு செட் கேட்கும். மற்றது, கேட்டதை அதே நொடியில் வேறொரு அலைவரிசையில் உரக்கச் சொல்லும். லைசென்ஸ் வாங்கி ஆசைக்காக ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஹாம் நண்பர்களுக்கு அது பெரிய வரம். அரியலூரில் சாந்தி மேரி டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் அதை ஏற்றினார்கள். தினமும் காலை ஆறரைக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பது அருள்முருகனின் வேலை.

விக்கிரமங்கலம் சவரியாருக்குப் பார்வை போய் நாலு வருடம். கையில் ஒரு சின்ன செட். அந்த அரை மணி நேரம்தான் அவருக்கு வெளியுலகம். மழை, கடலை விலை, மருமகள் வைத்த குழம்பு என்று பிடித்தால் விடமாட்டார். ஒருநாள் அருள்முருகன் எல்லோர் முன்னாலும் பொறுமை இழந்தார்.

"சார், மத்தவங்களும் பேசணும்ல? சுருக்கமா முடிங்க."

அன்று மாலையே, லப்பைக்குடிக்காட்டு நண்பர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று, அரியலூர் மாடிக்குப் போய், ரிப்பீட்டரில் பேசும் செட்டின் சக்தியை ஐந்து வாட்டிலிருந்து இருபத்தைந்துக்கு ஏற்றிவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து சவரியார் குரலே இல்லை. பெயரைச் சொன்னால் 'டக் டக்' என்று ஏதோ வெட்டும், அவ்வளவுதான். "சரி, அடுத்தவரக் கூப்புடறேன்" என்று அருள்முருகன் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மனிதர் முறுக்கிக்கொண்டார் என்று நினைத்தார். போன் செய்திருக்கலாம்தான், யார் முதலில் இறங்கி வருவது?

அந்த 'டக் டக்' பழைய செட்டின் கோளாறு என்று முடிவுகட்டியிருந்தார். முதல் நாள் ஒரு நிமிடத்துக்கு மேல் அடித்தது. பிறகு ஐந்தாறு டக்தான். பத்தாம் நாள் ஒரே ஒரு டக். கோளாறு தானாகவே சரியாகிறதே என்று சந்தோஷம் வேறு.

அன்று சாந்தி மேரி போனில் அழைத்தார். "அண்ணே, பெட்டி பக்கத்துலயே நின்னு பாத்துட்டேன். நீங்க சவரியார் சார் பேரச் சொன்னாத்தான் அது டக்குங்குது. வேற யாரு பேருக்கும் இல்ல."

அருள்முருகனுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரிந்த பாடம்தான். ஒரே மாடியில் ஒரு செட் அளவுக்கு மீறிக் கத்தினால் பக்கத்துச் செட்டுக்குக் காது அடைத்துவிடும். சவரியாரின் மெல்லிய அலை வந்ததும் ரிப்பீட்டர் விழிக்கும். விழித்து அது போடும் கூச்சலில் அவர் குரலே அறுந்துபோகும். அறுந்ததும் அடங்கி, அவர் பேசி முடிக்கும்வரை மறுபடி மறுபடி விழிக்கும். அதுதான் அந்த டக். பத்து நாளும் அவர் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எல்லோருக்கும் கேட்கிறது என்றே நம்பியிருப்பார்.

அடுத்த பஸ்ஸில் அரியலூர் போய்ச் சக்தியைப் பழையபடி குறைத்தார். மறுநாள் காலை முதல் ஆளாகச் சவரியாரை அழைத்தார்.

"வணக்கம்" என்றது குரல், தெளிவாக. உடனே சவரியார் பேசும் பொத்தானை விட்டுவிட்டார்.

"அவ்வளவுதானா சார்?" என்றார் அருள்முருகன்.

"சுருக்கமா முடிக்கச் சொன்னீங்கல்ல தம்பி? நானும் நாளுக்கு நாள் கொறச்சுக்கிட்டே வந்தேன். இதுக்கு மேல எப்படிக் கொறைக்கறதுன்னு எனக்குத் தெரியல."