கோடு போடாத பெயர்

வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கிறார்கள் என்று போன வாரம் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தோம். படத்தை அங்கேயே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சுடச்சுட ஒட்டித் தருகிறார்கள். அந்தக் கருகல் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கரி பஸ் ஞாபகம் வந்துவிட்டது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய அடுப்பைக் கட்டி, கரியைக் கொளுத்தி, அதில் வரும் வாயுவைக் கொண்டு வண்டியை ஓட்டினார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் தூரம் அதிகமில்லை. இருந்தாலும் மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டும். ஞாயிறு தவறாமல் நான் தள்ளியிருக்கிறேன். என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாள்.

டைரியைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம், மே மாதம் கல்யாணம். ஜூலை பாதி போயும் எஸ்தர் தாய் வீட்டில்தான். சண்டை ஒன்றுமில்லை. எனக்கு மில்லில் ஸ்டோர் குமாஸ்தா வேலை. ஓர் அறையும் அடுப்படியுமாக வாடகை வீடு. இரண்டு ஈயம் பூசிய பாத்திரங்கள். இல்லாதது ரேஷன் கார்டு ஒன்றுதான். கார்டு இல்லாமல் அரிசி கிடையாது, அரிசி இல்லாமல் குடித்தனம் கிடையாது. நான் காப்பி கிளப்பில் சாப்பிட்டுவிட்டு வந்து, ஆள் இல்லாத வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

புதுக் கார்டு வேண்டுமானால் எங்கள் இருவர் பெயரையும் பழைய கார்டுகளிலிருந்து அடிக்கவேண்டும். சோழபுரத்தில் என் அண்ணன், என் பெயரை அடிக்கக் கார்டை நீட்டிய வேகத்தைப் பார்த்து எனக்கே வருத்தமாகிவிட்டது. மாமியார்தான் மசியவில்லை.

"சபைப் புஸ்தகத்துல ஒரு பேருல கோடு போட்டா, ஆளு கர்த்தர்கிட்ட போயிட்டுன்னு அர்த்தம், மாப்பிள்ளை. கட்டிக்குடுத்து மூணு மாசம் ஆகல. எம்பிள்ளை பேருல கோடு போட நானே கார்டை நீட்டணுமாக்கும்?"

"எம்மா, கோடு போடாட்டி நான் இங்கயே கிழவியாயிருவேன்" என்றாள் எஸ்தர்.

"இரேன்ட்டி! ஒனக்குச் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்?"

கடைசியில் எஸ்தர் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, அம்மாவைத் தாலுகா ஆபீஸ் வரைக்கும் வரச் சம்மதிக்க வைத்தாள். அது ஒரு வியாழக்கிழமை. நான் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் தலையில் வாசனை எண்ணெயுமாகப் போய் இறங்கினேன். கல்யாணத்தன்றுகூட அப்படி அலங்காரம் செய்துகொள்ளவில்லை. மனுவை நாலு தரம் எழுதிக் கிழித்து, "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்பதற்குக் கீழே ஒரு சுழியும் போட்டிருந்தேன். ஆபீஸ் குமாஸ்தா அந்தச் சுழியைப் பார்க்கக்கூட இல்லை. சிவப்பு மையில் பேனாவைத் தோய்த்துக்கொண்டு, "பழைய கார்டு எங்கே?" என்றார்.

மாமியார் கார்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "கோடு போடக் கூடாதுங்கய்யா."

"ஏம்மா, கோடு போடாம எப்படி அடிக்கது? பின்னால எம்புட்டுப் பேரு நிக்காக, பாத்தீங்களா?"

மாமியார் சபைப் புத்தகத்தின் கதையைச் சொன்னார். வரிசையில் சிரிப்பு. எஸ்தர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கும் தனியாகத்தான் பஸ் ஏறப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

குமாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "செத்தவுகளுக்குக் கோடு, சரி. வெளியூருல கட்டிக்குடுத்த பிள்ளைக்கு உங்க சபையில என்ன போடுவாக?"

மாமியார் யோசித்தார். "கோடு போட மாட்டாக. சபை ஐயரு ஓரத்துல இன்ன ஊருக்குப் போனாள்னு எழுதுவாக."

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

கார்டை வாங்கி, எஸ்தர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் "ராஜபாளையம் போனாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மேல இருக்கவுக கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்." பிறகு புதுக் கார்டை எடுத்து எங்கள் இரண்டு பெயரையும் எழுதினார். மை காயும்வரை நாங்கள் மூச்சு விடவில்லை.

"நாளைக்குக் காலையில் வந்து கூட்டிப் போகிறேன்" என்றேன். எஸ்தர் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கே டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றாள். மாமியார் அழுதுகொண்டே ஒரு படி அரிசியை மடியில் கட்டிவிட்டார். மேட்டில் பஸ் நின்றபோது, "பொம்பளையாளுக இறங்க வேண்டாம்" என்று கண்டக்டர் சொல்லியும் கேளாமல், புதுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் இறங்கித் தள்ளினாள். முகமெல்லாம் கரி. "ம், தள்ளுங்க! ரேஷன் கடையப் பூட்டிருவான்" என்று என்னை வேறு விரட்டினாள்.

கரி பஸ் போய்விட்டது. எங்கள் கார்டும் எத்தனையோ தடவை மாறிவிட்டது. ஐந்து பிள்ளைகளின் பெயர்கள் அதில் ஏறி, கல்யாணமும் வேலையுமாக ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வொரு தடவையும் நான் ஆபீசில் கேட்டுப் பார்த்தேன்: கோடு வேண்டாம், ஓரத்தில் ஊர்ப் பெயரை எழுதுங்களேன் என்று. விதியில் அப்படி இல்லை என்றார்கள். கடைசி மகன் பெயரில் கோடு விழுந்த அன்று, எஸ்தர் கார்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான், முதல் நாள் மாதிரியே.