கயிற்றின் மூன்றாவது சுற்று

கல்கத்தாவில், காளிகாட்டில் எங்கள் கட்டிடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடியில் இருக்கும் ரங்கராஜன், இடுப்பு எலும்பு முறிந்த பிறகு தெருவுக்கு இறங்கியது ஒரே ஒரு முறைதான். வோட்டுப் போடுவதற்காக நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். "பெருமாள் புறப்பாடு மாதிரிதான் இருந்தது, குடையைக் காணோம்" என்றார். மறுபடி அப்படி இறங்க மறுத்துவிட்டார். காய்கறியைக்கூட பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்கி வாங்கிக்கொள்வார்.

அவர் மகள் மதுவந்தி எங்கள் கண்ணெதிரே வளர்ந்தவள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். மண் பரிசோதனை நிறுவனம் ஒன்றில் பொறியாளர். கட்டிடம் எழுப்புவதற்கு முன் நிலத்தைத் துளைத்து, அது தாங்குமா என்று பார்ப்பது அவள் வேலை. தமிழைவிட வங்காளம் சரளமாக வரும். எந்த மொழியிலும் உடனே பதில் சொல்லமாட்டாள்.

எங்களில் சில குடும்பங்கள் சேர்ந்து டாலிகஞ்சுக்கு அப்பால் ஒரு மனை வாங்கினோம். முன்பு குளமாக இருந்து, ஆற்று மணல் கொட்டித் தூர்த்த இடம். தரைத்தளத்தில் ஒரே ஒரு வீடுதான் வரும். அது ரங்கராஜனுக்கு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம். வாசல் கேட்டுக்குப் பச்சை அடிப்பதா நீலமா என்று அப்பாவுக்கும் மகளுக்கும் தினமும் சண்டை நடந்தது.

மண் பரிசோதனை அவள் நிறுவனத்திடமே போயிற்று. துளைக்குள் ஒரு கம்பியை இறக்கி, குறிப்பிட்ட எடையுள்ள சம்மட்டியை மேலிருந்து விழவிட்டு அடிப்பார்கள். கம்பி ஓரடி ஆழம் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அதிகம் வேண்டியிருந்தால் மணல் இறுக்கம், குறைவாக இருந்தால் தளர்ச்சி. முதல் துளைகளில் எல்லாம் நல்ல இறுக்கம் என்று தகவல் வந்தது. அன்று ரங்கராஜன் வீட்டிலிருந்து எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வந்தது.

கடைசித் துளையைப் பார்க்க மதுவந்தி மனைக்குப் போனாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. அவள் சொன்னதையும், துளை போடும் மேஸ்திரி நிமாய் சொன்னதையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.

சம்மட்டியைத் தூக்கும் கயிறு, எஞ்சினில் சுழலும் ஓர் உருளையில் சுற்றியிருக்கும். கயிற்றை இழுத்தால் சம்மட்டி ஏறும், தளர்த்தினால் விழும். உருளையில் இரண்டு சுற்றுக்கு மேல் கூடாது என்பது விதி. மதுவந்தி பார்த்தபோது மூன்று சுற்று இருந்தது.

"மழையில கயிறு நழுவுது தீதி" என்றார் நிமாய். "மூணாவது சுத்து போட்டாத்தான் பிடிக்குது."

"எப்பலேர்ந்து, நிமாய்தா?" வங்காளத்தில் அக்காவுக்கு 'தீதி', அண்ணனுக்குப் பெயரோடு 'தா'.

"மழை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. எல்லாத் துளையும் இப்படித்தான். ரிசல்ட் நல்லாத்தானே வந்திருக்கு?"

மூன்றாவது சுற்று சம்மட்டியைப் பிடித்துப் பிடித்து விடும். அடி மெத்தென்று விழும். கம்பி இறங்கக் கூடுதல் அடி வேண்டியிருக்கும். அதனால் தளர்ந்த மணலும் காகிதத்தில் இறுகிய மணலாகிவிடும்.

"எல்லாத் துளையும் முதல்லேர்ந்து போடணும்" என்றாள் மதுவந்தி.

"தீதி, இது உங்க வீடாச்சே!"

"அதனாலதான். ஆபீஸ்ல சொல்லி வேற ஆளைக் கூட நிக்கச் சொல்றேன்."

காய்ந்த கயிற்றில், இரண்டு சுற்றில், வேறொரு பொறியாளர் முன்னிலையில் மறுபடி போட்டார்கள். குளம் இருந்த ஆழம் முழுவதும் மணல் தளர்வாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு, மனை வாங்கிய குடும்பங்களின் கூட்டத்தில், பூகம்பம் வந்தால் இந்த மணல் தாங்காது என்று மதுவந்தி சொன்னாள். எங்கள் செயலாளர் பாலசுப்ரமணியன், வங்கியில் அதிகாரியாக இருந்தவர், நேராகக் கேட்டார்: "ஏம்மா, கல்கத்தாவுல எந்த வீடு பூகம்பத்துல விழுந்துது?"

"நேபாளத்துல வந்தப்போ இங்க ஃபேன் ஆடித்தே, மாமா."

"ஆடித்து, நின்னுடுத்து. இன்னும் அதே ஃபேன்தான் ஓடறது!"

எல்லோரும் சிரித்தார்கள். மதுவந்தியும் சிரித்தாள். பிறகு ஓர் எவர்சில்வர் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். உள்ளே மணல், மணல் நனையும் அளவுக்குத் தண்ணீர். மேலே ஒரு தராசுப் படிக்கல் அசையாமல் நின்றது. டப்பாவின் பக்கத்தில் விரலால் தொடர்ந்து தட்டினாள். மணல் பளபளத்தது, மேலே தண்ணீர் கசிந்தது. படிக்கல் சாய்ந்து பாதிக்கு மேல் புதைந்துபோயிற்று.

"குலுங்கினா மணல் நெருங்கப் பார்க்கும். நடுவுல இருக்கற தண்ணிக்குப் போக வழியில்லே. பாரத்தைத் தண்ணியே தாங்கும், மணலும் மணலும் ஒண்ணையொண்ணு விட்டுடும். அப்போ அது தரை இல்லே மாமா, குழம்பு."

"உங்கப்பாவுக்குக் கீழ் வீடு வேண்டாமா?"

"வேணும். வீடே கீழே போயிடக் கூடாது."

மணலை ஊடுருவிக் கல் தூண்கள் இறக்கினால் மண்ணும் இறுகும், தண்ணீரும் வெளியேறும் என்று அவள் அறிக்கை சொன்னது. வரைபடம் மாற வேண்டும், அனுமதி மறுபடி வாங்க வேண்டும். இரண்டு மழைக்காலமாவது தள்ளிப்போகும். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டது.

ரங்கராஜன் அன்றும் மறுநாளும் மகளிடம் பேசவில்லை. அதற்கடுத்த காலை காய்கறி வண்டிக்காரர் கீழிருந்து குரல் கொடுத்தார். நான் அப்போது பேப்பர் இரவல் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ரங்கராஜன் பையின் கயிற்றை பால்கனிக் கம்பியில் சுற்றி, உள்ளே பார்த்துக் கத்தினார்: "மது! ரெண்டு சுத்துதான் போட்டிருக்கேன். வந்து எண்ணிப் பாரு, இல்லேன்னா இதையும் திருப்பிப் போடச் சொல்லுவே!"

அவள் வந்து பார்த்தாள். "சரியா இருக்கு. இறக்குங்கோ."

பை பட்டாணியோடு மேலே வந்தது. அதைத் தட்டில் கொட்டிக்கொண்டே, கேட்டுக்குப் பச்சைதான் என்று அவர் மறுபடி ஆரம்பித்தார்.