இரண்டுக்கு மரியாதை

போன சனிக்கிழமை என்னை இரண்டாவது ஆளாக நிற்க வைத்தார்கள். பிறகு நடந்ததற்கெல்லாம் அவர்கள்தான் பொறுப்பு.

மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா பக்கம் ஒரு மண்டபம். முதியோர் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒருநாள் கோர்ஸ். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித் தருவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித் தருகிற கோர்ஸ். வாரம் ஒரு மாலை புக்கிட் பாருவில் நானும் ஒரு வகுப்பு எடுக்கிறேன் என்பது இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தலையெழுத்து... என்னுடையதல்ல, மாணவர்களுடையது.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஓர் இளம்பெண். சுறுசுறுப்பானவர். குழு பிரிக்க எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். "ஒவ்வொருத்தரா நம்பர் சொல்லுங்க சார்!"

முதல் ஆள் "ஒன்று" என்றார். என் முறை.

"நீங்க" என்றேன்.

"நான் இல்ல சார், நீங்கதான் சொல்லணும்."

"அதான் சொன்னேனே... நீங்க."

"ஐயோ சார், நான் டீச்சர். நீங்க சொல்லுங்க!"

வரிசையே சிரித்தது. அந்தப் பெண்ணின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும், வரிசையில் இரண்டாவதாக நின்றால் என் வாயில் "இரண்டு" வராது. இது ஜப்பான்காரன் காலத்து வியாதி.

எனக்கு வாத்தியார் வேலை கிடைத்த கதை சிறியது. நான் மலாக்காவுக்கு லாரியில் வந்தேன். லாரிக்கு எண்ணெய் தீர்ந்தது. இறங்கினேன். அவ்வளவுதான். கையில் வேலை இல்லாத ஆம்பிளையைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. போனவர்கள் யாரும் எழுதவில்லை. அந்தச் சமயத்தில், பெரியவர்களுக்கு ஜப்பான் மொழி சொல்லித் தர ஆள் வேண்டும், தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும் என்று சொன்னார்கள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். அதிலும் பாதி நாள் ஆடு மேய்த்தேன். கையைத் தூக்கிவிட்டேன்.

உடனே எங்களுக்குப் பயிற்சி. ஆமாம், அப்போதும் கோர்ஸ் இருந்தது!

பயிற்சி கொடுத்தவரை நாங்கள் "சென்சே" என்று கூப்பிட வேண்டும். சண்டைக்கு முன்பு இதே ஊரில் போட்டோக் கடை வைத்திருந்த ஜப்பான்காரர். கொஞ்சம் மலாய் தெரியும் என்பதால் அவரை வாத்தியாருக்கு வாத்தியார் ஆக்கிவிட்டார்கள். பாவம், மனிதருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். எங்களைக் கல்யாண போட்டோவுக்கு நிற்க வைப்பது போல உயரப்படி நிற்க வைப்பார். முகவாயைப் பிடித்துத் தூக்குவார். "தலை நேரா! இச்சி! அசையாதே! நீ! கண்ணைச் சிமிட்டாதே! சான்!" என்று எண் சொல்லித் தருவார். அசைந்தால் அறை. சில நாள் பாடமே கிடையாது. பள்ளிக்கூடத் திடலைக் கொத்தி மரவள்ளி நடச் சொல்லிவிடுவார். பயிற்சி முடிந்தபோது எனக்குப் பத்து வரை எண்ணத் தெரியும், ஆடாமல் நிற்கத் தெரியும், மரவள்ளி நடத் தெரியும். போதாதா?

எனக்குக் கொடுத்த வகுப்பு காஜா பேராங்கில். முனிசிபல் குப்பை வண்டி நிற்கும் கொட்டகை. சாயங்காலம் வேலை முடிந்து ஆறு பேர் வருவார்கள். ஜப்பான் எண்களைத் தமிழ்க் காதில் ஏற்றுவது எனக்குப் பெரிய சிரமமாக இல்லை. ஒன்பதுக்குக் "கியூ". அதைச் சொல்லித் தரவே வேண்டாம், எல்லோரும் அரிசிக்குக் கியூவில் நின்று வந்தவர்கள். எட்டு "ஹாச்சி". தும்மினால் போதும்.

சிக்கல் எல்லாம் இரண்டிலும் நாலிலும் இருந்தது. இரண்டு என்றால் "நீ". நாலு என்றால் "சீ". ஏழு இன்னும் மோசம், "சீச்சி". நல்லவேளை, வகுப்பில் ஏழாவது ஆள் இல்லை.

இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? வீராசாமியைத் தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

வீராசாமி சாக்கடை சுத்தம் செய்பவர். பிறவியிலேயே மரியாதைக்காரர். குறுக்கே படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்பார். அவருடைய அண்ணனை இலவச சினிமா என்று கூப்பிட்டுப் போய், படம் முடிந்ததும் அப்படியே லாரியில் ஏற்றிச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். வீராசாமி தப்பி நின்றது சட்டையில் குத்திய ஒரு துணிப் பட்டையால். முனிசிபல் வேலை ஆள் என்பதற்கு அதுதான் அடையாளம். இப்போது புது உத்தரவு: ஆபீசர் வந்து பார்ப்பார், வரிசையில் நின்று ஜப்பான் மொழியில் எண் சொல்லத் தெரியாதவனுக்குப் பட்டை கிடையாது. பட்டை இல்லாதவனுக்கு லாரி.

"வீராசாமி, இரண்டு சொல்லு."

"நீங்க."

"நீங்க இல்லப்பா. நீ."

"வாத்தியாரே, வெறும் எண்ணுன்னு எனக்குத் தெரியாமயா? ஆனா ஆபீசர் மூஞ்சியப் பார்த்து 'நீ'ங்கணுமே. வாய் போயி தானா 'ங்க' போட்டுக்குது."

"சரி, நாலு சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "சீங்க" என்றார்.

பெரியவர்களுக்குப் பாடம் சொல்வதில் உள்ள தொல்லை இதுதான். குழந்தையின் வாய் காலி வீடு. எந்த மொழியையும் கொண்டுபோய் வைக்கலாம். பெரியவர்கள் வாயில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. சட்டிபானையோடு, மாமியார் மருமகளோடு! புதிதாக வருகிறவனுக்கு மூலையில் கொஞ்சம் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

வாயைத் திருத்த முடியவில்லை. ஆகவே வரிசையைத் திருத்தினேன்.

இரண்டாம் இடத்துக்கு முனியப்ப பிள்ளை. இங்கேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும், மலாக்கா செட்டிகள் என்று ஊர் சொல்லும் கூட்டத்து ஆள். பெயரில்தான் தமிழ், வீட்டிலும் வெளியிலும் மலாய்தான். அவருக்கு "நீ" என்றாலும் "நீங்க" என்றாலும் ஒன்றுதான். "போலே, சிக்கு" என்றார். முடியும் வாத்தியாரே, அவ்வளவுதான். மூன்றாவது இடம், யாருக்கும் தொல்லை தராத "சான்", அது வீராசாமிக்கு. நாலாவது இடத்துக்கு மாட்டுவண்டி மாரிமுத்து. அவர் "சீ" போடாமல் ஒரு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை.

"இதுக்குப் போயா கிளாஸ் வெச்சீங்க? சீ, பொறந்ததுலருந்து பேசுறனே!" என்றார் மாரிமுத்து.

வரிசை தயார். இடம் மாறாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வீராசாமி கொட்டகைத் தரையில் தன் இடத்தில் ஒரு கல்லையே பதித்துவைத்தார்.

ஆபீசர் வந்தார். பூட்ஸ், வாள், பின்னால் மலாயில் பெயர்த்துச் சொல்ல நம் போட்டோக்கடை சென்சே. எல்லோரும் குனிந்து நிமிர்ந்தோம். ஆபீசர் வரிசையைப் பார்த்தார். மூச்சை இழுத்து ஒரு கத்துக் கத்தினார்:

"பாங்கோ!"

வரிசையில் எண் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தமாம். எனக்கு எப்படித் தெரியும்? பயிற்சியில் அதைச் சொல்லித் தந்த அன்று நான் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

என் மாணவர்களுக்குக் கேட்டது வேறு. "வாங்கோ!"

இவ்வளவு பெரிய ஆபீசர், வாயைத் திறந்து, தமிழில், அதுவும் மரியாதையாகக் கூப்பிடுகிறார். போகாமல் இருக்க முடியுமா? வீராசாமி தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் நடந்தார். மற்றவர்கள் பின்னால். ஆபீசரைச் சுற்றி, கல்யாண வீட்டுக்காரரைச் சுற்றி நிற்பது போல, கைகட்டி நின்றார்கள். வீராசாமி விசாரித்தே விட்டார்.

"சொல்லுங்க."

வரிசை இருந்த இடத்தில் ஒரே ஒருவர்தான் மிச்சம். முனியப்ப பிள்ளை. அவருக்குத் தமிழ் தெரியாதே, யார் கூப்பிட்டது என்று அவர் கண்டார்! தனக்குச் சொல்லித் தந்ததைத் தன் இடத்தில் நின்றபடி கொட்டகை அதிரச் சொன்னார்:

"நீ!"

ஆபீசர் முதல் எண்ணைத் தேடினார். காணோம். முகம் சிவந்தது. கை வாளுக்குப் போனது.

சென்சேவுக்கு உயிரே போய்விட்டது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவரல்லவா! பாய்ந்து வந்து எல்லோரையும் பிடித்துத் தள்ளி வரிசையாக்கினார். எப்படி? அவருக்குத் தெரிந்த ஒரே மாதிரிதான். உயரப்படி! குள்ளமான பிள்ளை ஆறாவதாகப் போனார். மாரிமுத்து மட்டும் எப்படியோ நாலிலேயே நின்றார். இரண்டாவது இடத்தில், முகவாய் தூக்கப்பட்டு, ஆபீசருக்கு நேரெதிரே... வீராசாமி. கால் தன் கல்லைத் தேடியது.

"பாங்கோ!"

"எண்ணு! எண்ணு!" என்று சென்சே மலாயில் பல்லைக் கடித்தார்.

"இச்சி!" என்றார் முதல் ஆள்.

அடுத்தது வரவில்லை. வீராசாமியின் கை சட்டையில் இருந்த துணிப் பட்டைமேல் இருந்தது. வாசலில் ஆபீசரோடு வந்த லாரி, இன்ஜினை அணைக்காமல் நின்றது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவர் ஆபீசரைப் பார்த்தார். வாய் "நீ" என்று தொடங்கியது. நான் மூச்சை விடப் போனேன்.

"...ங்க" என்று முடிந்தது.

ஆபீசரின் கை உயர்ந்தது. சென்சே என்னைப் பார்த்து, "என்ன அது? என்ன 'ங்க'?" என்று மலாயில் அலறினார்.

எனக்கும் லாரி காத்திருக்கிறது என்பது தெரியும். தெரிந்த மலாயில் சொன்னேன்: "சென்சே, எங்க மொழியில 'நீ'ன்னா 'காவ்', சின்ன ஆளைச் சொல்றது. 'நீங்க'ன்னா 'துவான்'. பெரியவர் முன்னால வெறும் 'நீ' சொல்லக் கூடாது. அதான் இரண்டுக்கு மரியாதை சேர்த்துட்டார்."

சென்சே அதை ஜப்பான் மொழியில் நீளமாகச் சொன்னார். நான் சொன்னதைவிட மிக நீளமாக. எத்தனை தடவை குனிந்தாரோ! ஆபீசரின் கை அந்தரத்தில் நின்று யோசித்தது. பிறகு மெல்ல இறங்கி மீசையைத் தடவியது.

"நீ-ங்க" என்று அவரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். மேலே போகலாம்.

"சான்!" என்றார் மூன்றாவது ஆள். அவர்கள் மொழியில் சானே ஒரு மரியாதைச் சொல்லாம். ஆபீசருக்குத் திருப்தி.

"சீ!" என்றார் மாரிமுத்து, வாழ்நாள் பயிற்சியோடு.

ஆபீசர் நின்றார். திரும்பி வந்தார். சென்சேயிடம் ஏதோ கேட்டார். சென்சே என்னிடம் கேட்டார்:

"இரண்டுக்கு மரியாதை உண்டு. நாலுக்கு ஏன் இல்லை?"

இதற்கு எந்தக் கோர்ஸில் பதில் சொல்லித் தருவார்கள்? மாரிமுத்து என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். தன் மாட்டுக்கும் மனைவிக்கும் கொடுக்காததை அன்றைக்குக் கொடுத்தார்.

"சீங்க."

அப்புறம் யாரும் ஆபத்தை விலைக்கு வாங்கவில்லை. ஐந்தாவது ஆள் "கோங்க" என்றார். பிள்ளைக்கு என்ன நடக்கிறதென்று கடைசி வரை புரியவில்லை. ஆனாலும் விட்டுவிடுவாரா? தன் மலாய் வாலையும் ஒட்டி, "ரொக்குங்க லா!" என்றார்.

ஒருவர் பட்டையும் போகவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. போகும்போது ஆபீசர் சென்சேயின் முதுகில் தட்டிக் கொடுத்தார். பயிற்சி நன்றாக இருந்ததாம்.

இதைத்தான் போன சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். குழு பிரிக்கிற வேலை அப்படியே நின்றுபோனது. அவர் கேட்டார்:

"வீராசாமியோட அண்ணன்?"

"வரல."

"அண்ணனைக் கொண்டுபோனவங்களுக்குப் போய் அவ்வளவு மரியாதையா கொடுத்தார் சார்?" என்றார். குரலில் கோபம்.

நானும் அதே கோபத்தோடு மறுநாள் வீராசாமியிடம் கேட்டிருக்கிறேன். அவர் சாக்கடையிலிருந்து நிமிர்ந்தார். சட்டையில் பட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

"வாயிலதாங்க வாத்தியாரே ரெண்டு. மனசுல நாலு."